ஒரு பொட்டலம் சாமையில் தொடங்குங்கள்

இயற்கை உணவுக்கு மாறப் போகிறேன் என்று முடிவெடுத்தவர்கள் அநேகமாக எல்லாரும் செய்கிற ஒரு காரியம், அந்த வாரக் கடைசியிலேயே ஒரு பெரிய பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, கவுனி அரிசி, செக்கு எண்ணெய், கருப்பட்டி, இந்துப்பு, நெல்லிக்காய்ச் சாறு என்று மொத்தமாக வாங்கி வருவது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. முதல் வாரம் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சிறுதானியம். இரண்டாம் வாரம் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள், என் வீட்டுக்காரருக்கு வயிறு உப்பிக்கொண்டது, மூன்றாம் மாதம் வரகு டப்பாவைத் திறந்தால் வண்டு. அத்தனையும் வீண்.

அதற்கு ஒரு வருடம் கழித்து மறுபடி தொடங்கினேன், இந்தத் தடவை ஒரே ஒரு அரைக் கிலோ சாமைப் பொட்டலத்தோடு. அது நிலைத்தது. இன்று எங்கள் வீட்டில் வாரம் நான்கைந்து வேளை சிறுதானியம் போகிறது, யாரும் அதைத் தனியாக ஒரு விஷயமாகப் பேசுவதுகூட இல்லை. என்ன வித்தியாசம் என்று பார்த்தால், இரண்டாம் தடவை நான் புதிதாக ஒரு சமையலைக் கொண்டுவரவில்லை, ஏற்கெனவே நடக்கிற வேலைக்குள் அதை நுழைத்தேன், அவ்வளவுதான். கீழே சொல்லப் போவது எல்லாம் அந்த வழியில்தான்.

முதலில் இட்லி மாவு

எல்லா வீட்டிலும் வாரம் ஒருமுறையாவது மாவு அரைக்கிறோம். நாலு கப் இட்லி அரிசிக்கு ஒரு கப் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் அந்த நாலு கப்பில் ஒரு கப்பை மட்டும் எடுத்துவிட்டு அதற்குப் பதில் சாமை போடுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். சாமையை நன்றாக மூன்று நான்கு தண்ணீர் கழுவி, ஒரு தடவை அரித்தும் எடுத்துவிடுங்கள், பொடிக் கல் அடியில் தங்கும். அரிசியோடு சேர்த்தே நாலைந்து மணி நேரம் ஊறட்டும். இட்லி எப்போதும் போல வெள்ளையாகத்தான் வரும், தோசை கொஞ்சம் கூடுதல் மொறுமொறுப்பாக வரும், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாவது வாரம் இரண்டு கப். அதற்கு மேல் வேண்டுமானால் முழுக்கச் சாமையிலேயே அரைக்கலாம், ஆனால் என் அனுபவத்தில் பாதிக்குப் பாதி என்பதுதான் பிள்ளைகள் உள்ள வீட்டில் நிற்கிற அளவு.

ஒன்று கவனியுங்கள். சிறுதானியம் சேர்த்த மாவு சீக்கிரம் புளிக்கும். சித்திரை வைகாசி வெயிலில் ஆறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும், ராத்திரி அரைத்து வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் மேடை முழுக்க மாவு. அந்த மாதங்களில் விடியற்காலையில் அரையுங்கள், அல்லது உப்புப் போடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எழுந்ததும் வெளியே எடுத்து உப்புப் போட்டுக் கரைத்து வையுங்கள், மாலைப் பலகாரத்துக்குச் சரியாக இருக்கும்.

சாமை பழகிய பிறகு அடுத்து பொங்கல். தினை அல்லது வரகு ஒரு பங்கு, பாசிப்பருப்பு அரைப் பங்கு, தண்ணீர் நாலு பங்கு, மிளகும் சீரகமும் இஞ்சியும் வழக்கம்போல. வரகரிசியை வெறும் சாதமாக வடிப்பதென்றால் இரண்டரைப் பங்கு தண்ணீர் போதும். ஆனால் ஆறினால் விறைத்துவிடும் என்பதால் சூடாகச் சாப்பிடுகிற வேளைக்கு மட்டும் வையுங்கள், டிபன் பாக்ஸுக்கு வேண்டாம். மதிய டப்பாவுக்குச் சாமைத் தயிர்சாதம் நன்றாக நிற்கும், பாலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிப் பிசைந்து கொடுங்கள்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். அரிசி போலப் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் தவிடு முழுக்கத் தீட்டப்பட்டுவிட்டது. லேசாகப் பழுப்பு ஓடியிருக்க வேண்டும். ஆனால் தவிடு இருந்தால் அதில் இருக்கிற எண்ணெய்ச் சத்தும் இருக்கும், அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஆகவே அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். கம்பு மாவு இந்த விஷயத்தில் மிகவும் மோசம். ஒரு வாரம் தாண்டினாலே கசப்பு தட்டும். கம்பைத் தானியமாக வாங்கி வைத்துத் தேவைக்கு அரைத்துக்கொள்வதுதான் நல்லது. பலர் கம்பே கசக்கும் என்று நினைத்துக் கைவிட்டுவிடுகிறார்கள். கசந்தது பழைய மாவு, கம்பு இல்லை.

அப்புறம், 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கடைகளில் தினை நூடுல்ஸ், ராகி பிஸ்கட், கம்பு சேமியா என்று வரிசை கட்டி நிற்கின்றன. பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விடுங்கள், பின்பக்கம் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதாவாக இருந்தால் அது மைதா நூடுல்ஸ்தான்.

கேழ்வரகுக் கூழ்

இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பாதிப் பேர் தவறாகச் செய்துவிட்டுப் பிடிக்கவில்லை என்கிறார்கள். மாவைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு எடுப்பது கூழ் இல்லை, அது கஞ்சி. கூழுக்கு மாவு புளிக்க வேண்டும்.

எங்கள் ஆயாவுக்குத் தர்மபுரிப் பக்கம் ஊர், அவர் வீட்டில் களியும் கூழும் இல்லாத நாள் கிடையாது. அவர் செய்தது இப்படித்தான்: ராத்திரி ஒரு கப் கேழ்வரகு மாவை இரண்டு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வைப்பார். மறுநாள் மாலை திறந்தால் மேலே சின்னச் சின்னக் குமிழிகள், மோர் போல ஒரு புளிப்பு வாசனை. அதுதான் பக்குவம். அடுப்பில் நாலு கப் தண்ணீர் வைத்து, கால் கப் அரிசி நொய்யைப் போட்டு, நொய் குழைய வெந்ததும் தீயைக் குறைத்து, புளித்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறுகையால் துடுப்பு போட்டுக் கிண்டுவார். பத்துப் பதினைந்து நிமிடம் கிண்டினால் கெட்டிப்பட்டுப் பளபளப்பு வரும். கையைத் தண்ணீரில் நனைத்து மேலாகத் தொட்டுப் பார்க்க வேண்டும், விரலில் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் மூடி போட்டு இன்னும் ஐந்து நிமிடம். வேகாத கேழ்வரகு தொண்டையில் பச்சை வாசனையோடு நிற்கும், அதை ஒருதரம் குடித்தவர்கள் மறுபடி பக்கத்தில் வர மாட்டார்கள், ஆகவே இந்தத் தொட்டுப் பார்க்கிற வேலையை மட்டும் விடாதீர்கள்.

ஆறியதும் மண்சட்டியில் மாற்றி, மேலே ஆடை கட்டாமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வைத்துவிடலாம். காலையில் ஒரு உருண்டை எடுத்துக் கையாலேயே கரைத்து, உப்பு, மோர், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம். கரண்டியால் கரைத்தால் கட்டிகள் தங்கிவிடும், கைதான் சரி. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், மாவடு, கருவாட்டுக் குழம்பு எது இருந்தாலும் சரி. மிச்ச உருண்டையை ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும் என்பேன். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, தீட்டிய வெள்ளை அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவில்தான். ஆனால் தானியங்களில் ஃபைட்டிக் அமிலம் என்ற ஒன்றும் இருக்கிறது, அது சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஊறவைப்பதும், முளைகட்டுவதும், புளிக்கவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. ஆடி மாதம் அம்மன் கோவிலில் அண்டா அண்டாவாக ஊற்றுகிற கூழுக்குப் பின்னால் இருக்கிற பக்குவம் அது. அதேபோல, கூழ் குடித்த கையோடு டீ குடிக்காதீர்கள், டீ இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுதானியம் என்றால் சர்க்கரை ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாவாக அரைத்து, நீர்க்கக் கரைத்துக் குடிக்கும்போது எந்தத் தானியமும் வேகமாகத்தான் ஏறும். உங்கள் வீட்டில் சர்க்கரை பார்க்கிற கருவி இருந்தால் கூழ் குடித்த அன்று இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், சாமை உப்புமாவும் காய்கறியும் சாப்பிட்ட அன்றும் அதேபோலப் பாருங்கள். உங்கள் உடம்பு எதைத் தாங்குகிறது என்று அதுவே சொல்லிவிடும். மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

பழைய சோறு

செலவே இல்லாத பழக்கம் இது, ஆனால் சுத்தம் முக்கியம். மதியம் வடித்துவிட்டு அடுப்படியிலேயே கிடந்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றுவது தவறு. வெந்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும், அது விடுகிற நஞ்சு திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. ஆகவே ராத்திரி வடித்த சோறு ஆறியதும், ஒரு மணி நேரத்துக்குள், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சோறு மூழ்கி இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றுங்கள். மண்சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ எதுவும் சரி, அலுமினியம் வேண்டாம். எட்டு முதல் பத்து மணி நேரம். காலையில் லேசாகப் புளிப்பு மணம் வர வேண்டும். சோற்றை எடுத்தால் நூல் போல வழுக்கினாலோ, நாற்றம் அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

குக்கரில் குழைந்த சோறு சரிப்படாது, வடித்த சோறுதான் நல்லது. கைக்குத்தல் அரிசி என்றால் இன்னும் நல்லது. முதலில் அந்தத் தண்ணீரை மட்டும், அதாவது நீராகாரத்தை, உப்பும் மோரும் போட்டுப் பதினொரு மணி டீக்குப் பதில் குடித்துப் பாருங்கள். வெயில் காலத்தில் தொடங்கினால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். மார்கழிக் குளிரில் தொடங்கினால் இரண்டு நாளில் விட்டுவிடுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாரம்பரிய அரிசி

தினமும் வேண்டாம், விலையும் கட்டுப்படியாகாது. வாரம் ஒருநாள் போதும். கருப்புக் கவுனியை முந்தின ராத்திரியே ஊறப் போடுங்கள், காலையில் பார்த்தால் தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி கருநீலமாக நிற்கும். சாயம் போகிறது என்று பயந்து கொட்டிவிடாதீர்கள். நாவல்பழத்துக்கு நிறம் கொடுக்கிற ஆந்தோசயனின்தான் இதற்கும். ஊறப் போடுவதற்கு முன்பே நன்றாகக் கழுவிவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே வேகவையுங்கள். மாப்பிள்ளைச் சம்பாவும் அப்படித்தான், ஒரு ராத்திரி ஊறாமல் எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்றுதான் இருக்கும்.

இந்த அரிசிகள் இன்று சாதாரணக் கடைகளில் கிடைப்பதற்கே பலருடைய உழைப்பு காரணம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, விவசாயிகளுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து மறு வருடம் நாலு கிலோவாகத் திரும்ப வாங்கி, 170-க்கும் மேற்பட்ட நெல் வகைகளை மீட்டுக் கொடுத்தவர் ‘நெல்’ ஜெயராமன். 2018-இல் காலமானார். நாம் வாரம் ஒரு கிலோ வாங்குவது அந்த விதையை வயலில் வைத்திருக்கிற விவசாயிக்கு ஒரு காரணம் கொடுக்கிறது, அதற்காகவாவது வாங்குங்கள்.

எண்ணெய், உப்பு, இனிப்பு

செக்கு எண்ணெய் வாசனைக்காகவும், எப்படி ஆட்டினார்கள் என்று கண்ணால் பார்த்து வாங்கலாம் என்பதற்காகவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதுவும் எண்ணெய்தான், ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஆகவே நல்லது என்று சொல்லிக் கூடுதலாக ஊற்றாதீர்கள். எங்கள் வீட்டில் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறோம். அடியில் கசண்டு தங்குவது இயல்பு, தெளியவிட்டு மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள். பொரித்த எண்ணெயை மறுபடி பொரிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

இந்துப்புக்கு முழுக்க மாறாதீர்கள். அயோடின் சேர்த்த உப்பு வந்தது கழுத்துக் கழலை நோயைத் தடுக்க, இந்துப்பில் பெரும்பாலும் அந்த அயோடின் சேர்ப்பதில்லை. எந்த உப்பானாலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரையேதான், மணம் நன்றாக இருக்கும், அவ்வளவே. ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள், பாட்டி சொன்னாலும் வேண்டாம், அதில் இருக்கக்கூடிய கிருமி வித்து பச்சைக் குழந்தையின் நரம்பைப் பாதித்துவிடும்.

காலையில் பச்சைச் சாறு குடிக்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். சுரைக்காயை வெட்டியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயையே தூக்கிப் போடுங்கள், ஒரு மிடறுகூடக் குடிக்க வேண்டாம். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் குடலைப் புண்ணாக்கி ரத்த வாந்தி வரை கொண்டுபோகும், இறந்தவர்களும் உண்டு. 2011-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு இதைத்தான் எச்சரித்தது. கசப்பு உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையைப் பாகற்காயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் குளியலும் நலங்கு மாவும்

வாரம் ஒருநாள் போதும். மூன்று நாலு கரண்டி நல்லெண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தை வெந்நீருக்குள் வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் நேரடியாக வேண்டாம். உச்சந்தலையில் தொடங்கி, காது மடலின் பின்பக்கம், கழுத்து, முழங்கால், உள்ளங்கால் என்று நிதானமாகத் தேய்த்து, இருபது முப்பது நிமிடம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். சீயக்காயைச் சாதம் வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் எண்ணெய் நன்றாகப் போகும், முடியும் முரடாகாது. அன்று மதியம் ரசமும் துவையலும், அப்புறம் ஓய்வு. என்னைக் கேட்டால் இந்தப் பழக்கத்தின் பெரிய பலனே, வாரத்தில் ஒரு மணி நேரம் கையில் போன் இல்லாமல் நம் உடம்பை நாமே தொட்டுக் கவனிக்கிறோம் என்பதுதான்.

குளியலறைத் தரையை உடனே சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், அடுத்து உள்ளே போகிற பெரியவர்கள் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். காய்ச்சல், சளி இருக்கிற நாளில் வேண்டாம். கைக்குழந்தைக்கு உடம்பில் தேய்ப்பது சரி, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது கூடாது. மூக்கில் விட்டது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்திருக்கிறது.

நலங்கு மாவுக்குப் பாசிப்பயறு கால் கிலோ, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு தலா 25 கிராம், காய்ந்த ஆவாரம்பூவும் ரோஜா இதழும் இரண்டிரண்டு கைப்பிடி, கொஞ்சம் வெட்டிவேர். வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கார்போக அரிசியும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். நான் அதைச் சேர்ப்பதில்லை. அதில் சோரலன் என்ற பொருள் இருக்கிறது, பூசிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் சிவந்து கருத்துவிடும். எதைச் சேர்த்தாலும் முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒருநாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போடுங்கள்.

யார் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் கீரையும்கூட ஆபத்தாகலாம், பொட்டாசியம் ஏறிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினமும் கீரை என்று தொடங்கக் கூடாது. தைராய்டு குறைவாக இருப்பவர்கள் கம்பைத் தினமும் சேர்க்காமல் எப்போதாவது சேர்க்கலாம். கர்ப்பிணிகள் கஷாயம், சூரணம் எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்க வேண்டாம். மற்றவர்களுக்கு, முதல் பத்து நாள் வயிறு கொஞ்சம் உப்பும், நார்ச்சத்து பழகுகிறது. தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள், ராத்திரியில் சிறுதானியம் வைக்காமல் காலையில் வையுங்கள். அதற்கு மேலும் சரியாகவில்லையென்றால் அளவைப் பாதியாக்குங்கள்.

காலண்டரில் தொடங்கிய தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் வரை இரண்டாவதாக எதையும் வாங்காதீர்கள். இந்த வாரம் மாவுக்கு அரிசி அளக்கும்போது மூன்று கப்போடு நிறுத்திவிட்டு, நாலாவது கப்பைச் சாமைப் பொட்டலத்திலிருந்து அளந்து போடுங்கள்.